முட்டைக்கடைக்காரன் கேட்ட கையெழுத்து

படிச்சுட்டீங்களா தம்பி? என்ன போட்டிருக்கு?

கணக்கிலிருந்து என் பேரை எடுத்தாச்சு. அவ்வளவுதானே? அது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே நான்தான். எடுத்த பேரைத் திரும்பச் சேர்க்க என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க. விசாகப்பட்டினத்தில் ஏறும்போதே பேங்க், பிராஞ்ச் என்று போனில் பேசிக்கொண்டு வந்தீங்க, அதனால்தான் மெசேஜைப் படிக்கச் சொல்லி உங்களிடம் போனை நீட்டினேன். பேங்க் ஆபீசரை சார் என்றுதான் கூப்பிடணும். வயசில் சின்னவராக இருக்கீங்க, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்.

என்னது? என் பொண்ணு கையெழுத்தும் இருந்தால்தான் சேர்க்க முடியுமா?

பெத்தவன் நான். அவ கையெழுத்து எதுக்கு?

சரி, சரி. கோபமெல்லாம் இல்லை. என் குரலே இப்படித்தான். மதுரையில் வந்து சோணைமுத்து என்று கேட்டுப் பாருங்க. பழைய வீட்டை அப்படியே விலை பேசி வாங்கி, இடித்து, கதவு தனி, ஜன்னல் தனி, உத்திரம் தனி, செங்கல் தனி என்று பிரித்து விற்கிற தொழில். பதினொரு வயதில் சம்மட்டி தூக்கினேன். முதல் முதலாளி மண்வெட்டிக் காம்பால் அடித்து அடித்தே தொழில் சொல்லிக்கொடுத்தான். இருபத்திரண்டு வயதில் அவன் மண்டையை அதே காம்பால் உடைத்துவிட்டுத் தனியாக வந்தேன். இன்றைக்கு வரைக்கும் சொன்ன விலைக்கு ஒரு பொருள் வாங்கினதில்லை. இந்த டீயை டீக்காரன் பதினைந்து என்றான். பன்னிரண்டுக்கு வாங்கினேன். நீங்களும் பார்த்தீங்கதானே? நீங்க பதினைந்து கொடுத்தீங்க. படித்தவங்க அப்படித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு வழி சொல்லுங்க.

எனக்கு ஒரே பொண்ணு. சங்கவி. பன்னிரண்டாவது முடித்ததும் ஏதோ பரீட்சை எழுதினாள். ஒரிசாவில் அரசாங்கக் கல்லூரி, அஞ்சு வருஷம் விஞ்ஞானப் படிப்பு, பீஸ் சொற்பம், மாசாமாசம் அவனே உதவித்தொகை தருவான் என்றாள். "ஏம்மா, மதுரையில காலேஜே இல்லையா?" என்று கேட்டேன். "இந்தப் படிப்பு அங்கதான்பா இருக்கு" என்றாள். எவ்வளவு தூரம் என்றேன். ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் என்று டக்கென்று சொன்னாள், அளந்து வைத்திருந்த மாதிரி. அவ்வளவு ஆர்வம் தம்பி அவளுக்குப் படிப்பில்.

அவள் அம்மா பேச்சி ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறக்கிற ஆள் இல்லை. ஒரு தடவை திறந்தாள். இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாக மடங்காது. நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. தள்ளினேன், அவள் விழுந்த இடத்தில் ஆட்டுக்கல் கிடந்தது. ஆட்டுக்கல் கிடந்தது என் தப்பா?

கல்லூரியிலிருந்து காகிதம் வந்தது. உதவித்தொகை போடுவதற்கு பேங்க் கணக்கு வேண்டும் என்று. கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் ஒருத்தன், மழமழவென்று சவரம் செய்த முகம், என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசுகிறான்.

"உங்களுக்குத்தான் பதினெட்டு ஆயிருச்சே. உங்க பேர்லயே ஸ்டூடன்ட் அக்கவுன்ட் போட்டுக்கலாம். கார்டியன் தேவையில்லை. சார், நீங்க அப்படிப் போய் உக்காருங்க."

அப்படிப் போய் உட்காரணுமாம். நான்.

"அப்ப நான் யாருய்யா? பொட்டி தூக்க வந்தவனா?"

சத்தம் கேட்டு மேனேஜரம்மா உள்ளேயிருந்து வந்தார். நல்ல மாதிரி. "கோவிச்சுக்காதீங்க. வேணும்னா ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துப் போட்டுக்கலாம். யாராவது ஒருத்தர் கையெழுத்து இருந்தாப் போதும், எடுக்கலாம்" என்றார்.

"இவ பத்து ரூவா எடுத்தாலும் எனக்குத் தெரியுமா?"

"உங்க நம்பரைக் குடுத்தீங்கன்னா உங்களுக்கு மெசேஜ் வந்துரும்."

இதுதான் பேச்சு. நான் சரி என்றேன். படிவத்தை என் பொண்ணு மளமளவென்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது, ஆனால் என் நம்பர் எனக்குத் தெரியும். நம்பர் போடுகிற கட்டத்தில் அவள் நம்பர் மட்டும்தான் இருந்தது.

"என் நம்பர் எங்கம்மா?"

"மெசேஜ் இங்கிலீஷ்ல வரும்பா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

ஒரே அறை. பேனா நூல் அறுந்து போய் டோக்கன் மிஷினுக்குக் கீழே விழுந்தது. அந்த மழமழப்பு எழுந்து வந்து என் கையைப் பிடிக்கிறான். "சார், இங்க வச்சு அடிக்காதீங்க சார்" என்கிறான். அதாவது வீட்டில் போய் அடிக்கலாம், இவன் கண் முன்னால் கூடாது. அவன் பின்மண்டையைப் பிடித்து கவுன்டர் கண்ணாடியில் ரெண்டு சாத்துச் சாத்தினேன். மூக்கு உடைந்தது. கண்ணாடி உடையவில்லை. நல்ல கண்ணாடி தம்பி, பத்து எம்.எம். இருக்கும். இப்போதெல்லாம் அந்தக் கனம் கிடைப்பதில்லை.

மேனேஜரம்மா போனைத் தூக்கிவிட்டார், போலீஸ் என்கிறார். அப்போது என் பொண்ணுதான் குறுக்கே போனாள். கன்னத்தில் என் விரல் அப்படியே பதிந்திருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டு, "மேடம், ப்ளீஸ் மேடம், ரெண்டு நம்பரும் எழுதிடறேன். அப்பா பேரு முதல்ல இருக்கட்டும். போலீஸ் வேணாம். சேர்றதுக்கு நாலு நாள்தான் மேடம் இருக்கு" என்று கெஞ்சினாள். அந்த மழமழப்பிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

பார்த்தீங்களா? காலையிலிருந்து இழுத்தடித்தது, ஒரு அறையில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கிளம்பும்போது, புதுக் கணக்கு ஆரம்பித்தால் கிப்ட் எதுவும் கிடையாதா என்று கேட்டேன். ஒரு காலண்டர் கொடுத்தார்கள். ரெண்டாக வாங்கினேன்.

ரயிலேற்றி அனுப்பினேன். அழவே இல்லை. தைரியமான பொண்ணு.

அன்றிலிருந்து போன் டிங் டிங்கென்று அடிக்கும். எனக்கு அது ஒரு நிம்மதி தம்பி. உளுத்த உத்திரத்தில் ஏறி நிற்கும்போதும் டிங்கென்றால் அவள் எங்கேயோ எதையோ வாங்குகிறாள், உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். உடனே கூப்பிடுவேன். "முப்பத்தஞ்சு ரூவாய்க்கு என்ன வாங்கினே?" "நோட்டுப்பா." "முப்பத்தஞ்சு ரூவாய்க்கா? இருபத்தஞ்சுக்குக் கேட்டியா?" கிளாஸில் இருந்தாலும் எடுப்பாள். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா என்னோடு வீட்டில்தானே இருக்கிறாள்.

மெசேஜைப் படித்துச் சொல்வது ஸ்டெல்லா. என் குடோனில் பில் போடுகிற பிள்ளை. ஒரு நாள் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தப் பேரு தினமும் வருது" என்றாள்.

"என்ன பேரு?"

"பிஜய் கேதன் நாயக்."

ஆம்பளைப் பேர். நாற்பது ரூபாய். மறுநாள் அறுபது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கூட. காலையிலும் அவன்தான், சாயங்காலமும் அவன்தான். எனக்கு நெஞ்சுக்குள்ளே சம்மட்டி இறங்குகிற மாதிரி இருந்தது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். இடிக்கப் போகிற சுவரிடம் சொல்லிவிட்டா அடிப்போம்? ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஐநூற்று நாற்பது ரூபாய். அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாளாம், தோழிகளுக்கு வாங்கிக் கொடுத்தாளாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. தேதியெல்லாம் எனக்கெங்கே ஞாபகம்? நான் திங்கட்கிழமை ரயிலேறினேன். ஸ்டெல்லாவிடம் அந்தப் பேரைப் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் இறங்கினேன். காலை எட்டரை இருக்கும். பேப்பரைக் காட்டி ரெண்டு பேரிடம் கேட்டேன். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது! போய்ப் பார்த்தால் தள்ளுவண்டியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தன் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். வயசு ஐம்பத்தைந்துக்கு மேலே. தலை பாதி நரை.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. வயசுப் பையனாக இருந்தாலாவது மனசு ஆறும் தம்பி. கிழவன்!

பேப்பரை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "இது நீயா?" என்றேன். பார்த்தான். பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினான். சிரிக்கிறான்! எத்தனை முட்டை என்று கேட்கிற மாதிரி விரலை வேறு விரித்துக் காட்டினான்.

தாடையில் விட்டேன். என் கையைப் பாருங்க. முப்பத்தஞ்சு வருஷம் சம்மட்டி பிடித்த கை. எங்கே அடித்தால் எது விழும் என்று அதற்கே தெரியும். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த ரீப்பர் கட்டை முறிகிற மாதிரி. அவன் வண்டியைப் பிடித்தான். வண்டி சாய்ந்தது. தோசைக்கல், எண்ணெய், ரெண்டு தட்டு முட்டை எல்லாம் அவன் மேலே. எண்ணெய் முழங்கையில் ஊற்றிவிட்டது. நான் நிறுத்தவில்லை. விலாவில் நாலு மிதி. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ரோட்டில் ஓடியது. கண்ணாடியை மிதித்து நொறுக்கினேன். "எம் பொண்ணு கேக்குதா உனக்கு? எம் பொண்ணு கேக்குதா?" என்று கத்தினேன். அவன் தலைக்குமேல் கையை வைத்துச் சுருண்டுகொண்டான். அவன் பாஷையில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னான். அது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான் போல.

பிள்ளைகள் பத்திருபது பேர் ஓடிவந்து என்னை அமுக்கினார்கள். தரையில் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறேன், சாய்ந்த வண்டியில் ஒரு அட்டை. போனை வைத்துக் காசு கட்டுகிற அந்தக் கட்டம் கட்டமான படம். அதற்குக் கீழே, பேப்பரில் இருக்கிற அதே எழுத்து.

கடைக்காரன் பேர் தம்பி. முட்டைக்கடைக்காரன் பேர். காலையில் ஆம்லெட், சாயங்காலம் ஆம்லெட்.

இப்போது நீங்க சொல்லுங்க. இது யார் தப்பு? உங்க பேங்க்காரன் "முட்டைக்கடை" என்று போட்டிருந்தால் நான் எதுக்கு ரெண்டு நாள் ரயிலில் வரப் போகிறேன்? மொட்டையாக ஆம்பளைப் பேரைப் போட்டு அனுப்பினால் பெத்தவன் என்ன நினைப்பான்? அந்த மனுஷன் தாடை உடைந்ததற்குப் பாதிப் பொறுப்பு உங்க ஆளுங்க. சிரிக்காதீங்க. நான் நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

என் பொண்ணு ஓடி வந்தாள். என்னிடம் வரவில்லை. நேராக அவனிடம் போய் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்து, துப்பட்டாவை வாயில் அழுத்திப் பிடித்தாள். எழுநூறு சொன்னதை நானூறுக்குப் பேசி நான் வாங்கிக் கொடுத்த துப்பட்டா. வீணாகப் போயிற்று.

ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். மறுநாள் பேச்சுவார்த்தை. எஸ்.ஐ. நடுவில். எதிரே அந்த ஆள், மோவாயிலிருந்து உச்சந்தலை வரைக்கும் கட்டு, கையில் கட்டு. அவன் பக்கத்தில் என் பொண்ணு. அந்தப் பக்கம்தான் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் பொண்ணுதான் ரெண்டு பக்கமும் சொல்லணும். நாலு மாசத்தில் அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்திருக்கிறாள்.

அந்த ஆள் ஒரு முனகல் முனகினான்.

"என்னம்மா சொல்றான்?"

"ஆஸ்பத்திரிச் செலவு, வண்டிச் சேதம், ரெண்டு மாசம் கடை போட முடியாது. எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் கேக்குறார். இல்லேன்னா கேஸ். தாடை எலும்புங்கிறதால ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாமாம்."

ஒரு முனகலுக்குள் இவ்வளவு இருக்கிறது. சுருக்கமான பாஷை போல.

"அஞ்சாயிரம்னு சொல்லு."

அவள் அவனிடம் என்னவோ மெதுவாக, ரொம்ப நேரம் சொன்னாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ஐம்பது."

"எட்டு. ஆம்லெட் போடறவனுக்கு இது எக்கச்சக்கம்."

"அப்பா, நீங்க உடைச்சது முட்டையை இல்ல."

"பேரத்துல உணர்ச்சி கலக்காதே. எட்டு."

நாற்பதில் வந்து நின்றுவிட்டது. ஒரு மணி நேரம். நான் எழுந்து நின்று பார்த்தேன், சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன், எதற்கும் அசையவில்லை. அப்புறம்தான் அவள் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பதினெட்டுக்கு முடிச்சுக்கலாம்கிறார். ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"பேங்க் கணக்குல இருந்து உங்க பேரையும் நம்பரையும் எடுத்துரணுமாம்."

"அது அவனுக்கு என்னத்துக்கு?"

"திரும்பியும் அவர் பேரு உங்க போன்ல வந்தா, திரும்பியும் வந்து அடிப்பீங்கன்னு பயப்படுறார்ப்பா."

நியாயமான பயம். நான் அடித்தது அப்படி. நாற்பது எங்கே, பதினெட்டு எங்கே? நடுவில் ஒரு கையெழுத்து. கையெழுத்துக்குக் காசா பணமா? எங்கள் தொழிலில் இதைக் கொசுறு என்போம். வீட்டை வாங்குகிறவன் கடைசியில் அந்தக் கிணற்றுக் கப்பியையும் சேர்த்துக் கொடுத்துவிடு என்பான். கொடுத்துத் தொலைப்போம். பேரம் முடியணுமில்லையா?

ஆனாலும் நான் விடவில்லை. "பதினஞ்சுன்னா போடறேன்" என்றேன்.

"சரி, பதினஞ்சு" என்றாள். அவனைக் கேட்கக்கூட இல்லை, அவளே சரி என்றாள்! அப்பனுக்காக அந்தப் பக்கத்தை அமுக்கிவிட்டாள். ரத்த பாசம் எங்கே போகும்?

ரெண்டு காகிதம். ரெண்டிலும் அவள் விரல் வைத்த இடத்தில் போட்டேன். ஒன்று பேங்குக்கு. இன்னொன்று ஸ்டேஷனுக்கு, இனிமேல் அந்த ஊரில் கால் வைத்தால் அடுத்த நிமிஷம் கேஸ் என்று. வைக்கிற வேலை எனக்கென்ன இருக்கிறது?

கிளம்பும்போது கேட்டேன். "தீபாவளிக்கு வருவேல்ல?"

"பரீட்சை இருக்குப்பா."

"பொங்கலுக்கு?"

"அப்பவும் பரீட்சை."

"செலவுக்குப் பணம்?"

"அனுப்ப வேணாம்பா. உதவித்தொகையே போதும்."

யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பொண்ணு? ரயில் டிக்கெட்டும் அவளே எடுத்துக் கொடுத்தாள். ரெண்டு போலீஸ்காரர்கள் கூடவே வந்து, என்னை சீட்டில் உட்கார வைத்து, வண்டி நகருகிற வரைக்கும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். வெளியூர்க்காரன் என்று அவ்வளவு மரியாதை.

ஆனால் தம்பி, காலையிலிருந்து போன் அடிக்கவில்லை. பத்து மணிக்கு இந்த ஒரு மெசேஜ், நீங்க படித்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. இந்நேரம் மத்தியானச் சாப்பாடு ஆகியிருக்கும். எங்கே சாப்பிட்டாள், எவ்வளவுக்குச் சாப்பிட்டாள், யாருக்குக் கொடுத்தாள்? கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். முட்டைக்காரன் பயம் நாலு நாளில் தெளிந்துவிடும். அவனுக்குத் தெரியாமல் என் பேரைத் திரும்பச் சேர்த்துவிடலாமில்லையா? அவள் கையெழுத்தில்லாமல் உங்களால் முடியும். எவ்வளவு ஆகும், சொல்லுங்க. பேசிக்கொள்ளலாம்.

என்ன கேட்டீங்க?

இன்னொரு தடவை கேளுங்க.

தாடை கட்டியிருந்த ஆள் எப்படி இவ்வளவும் பேசினார் என்றா?

அவன்... முதலில் முனகினான். அது அறுபது. அப்புறம் தலையாட்டினான். அது ஐம்பது. நாற்பது சொன்னபோது கையைக் காட்டினான், யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்டிஷன் சொன்னபோது...

கண்டிஷன் சொன்னபோது அந்த நாற்காலியில் ஆளே இல்லை தம்பி. ஊசி போட நேரமாச்சு என்று அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எஸ்.ஐ. யாரோடோ போனில் இருந்தார். நானும் அவளும் மட்டும்தான்.

என்னை எதிரில் உட்கார வைத்து. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நாற்பதில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, பதினெட்டில் இறக்கி. பதினஞ்சு என்றதும் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

சிரிக்கத்தான் செய்கிறேன். வேறென்ன செய்ய? என் வயசில் ஒருத்தனும் என்னை இப்படிப் பேசி முடித்ததில்லை.

இந்த வண்டி அடுத்து எங்கே நிற்கும்?

ஏன் எந்திரிக்கிறீங்க? வேறு சீட்டுக்கா? உட்காருங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

கேஸ் போட்டால் போடட்டும்.

கை வலிக்கிறதா? விடுகிறேன், விடுகிறேன். உங்க போனில் பார்த்தால் தெரியும். அடுத்த ஸ்டேஷன் எது, அங்கேயிருந்து திரும்பிப் போக எத்தனை மணிக்கு வண்டி? ரெண்டையும் பார்த்துச் சொல்லிவிட்டு அப்புறம் எந்திரிங்க.